ஆடுபுலி ஆட்டமும் உரிமச் சீட்டும்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் நானும் என் வகுப்புத் தோழர் மூவரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்தோம். நம் பக்கத்துச் சிற்றூர்களின் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தரைகளிலும் கோடு கிழித்து ஆடப்பெறும் ஆடுபுலி ஆட்டமே அது. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகள் கூடிப் புலியை அடைக்க வேண்டும். புலிகள் ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டும். பெரம்பலூரிலிருந்து பேருந்தில் வரும் தோழர், பின்னணியில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கட்டும் என்றார். அரியலூரைச் சேர்ந்த தோழி படங்களை வரைந்தார். நான் நிரல் எழுதினேன். நான்காமவர் ஆடிப் பார்த்துப் பிழை சொன்னார். உண்மையில் எங்களுள் மிகுதியாக உழைத்தவர் அவரே.

விளையாட்டைத் துறைப் பேராசிரியரிடம் காட்டினோம். அவர் புலிப்பக்கம் அமர்ந்து இரண்டு ஆட்டம் தோற்று, மூன்றாவதில் வென்றார். பின்பு, "இதை ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் ஏற்றலாம்; இணையத்திலும் வைக்கலாம். மற்றக் கல்லூரி மாணவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அடுத்து அவர் கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். "சரி, இதில் உங்களுடையது எவ்வளவு?"

அன்று மாலை மரத்தடியில் அமர்ந்து ஒரு முழுத்தாளில் கணக்கெழுதினோம். எழுத எழுத முகம் வாடியது. புலி எந்தக் காயை நகர்த்துவது என்று கணக்கிடும் பகுதி, எங்களுக்கு மூன்றாண்டு முன்பு படித்த அண்ணன் ஒருவர் பென் டிரைவில் கொடுத்தது. திரையில் படம் காட்டுவது பைகேம் என்னும் நிரலகம். வீரர் பெயரைத் தமிழில் அடிக்கும்போது எழுத்துகளைச் சரியாக எண்ணுவது ஓப்பன் தமிழ் என்னும் நிரலகம். கோட்டையின் ஒளிப்படம் விக்கிமீடியாப் பொதுவகத்திலிருந்து எடுத்தது. வெட்டுப்பட்ட ஆட்டின் படம் எங்கேயோ இணையத்தில் கிடைத்தது. எழுத்துரு, விண்டோசில் இருந்த லதா. வெற்றி பெற்றதும் ஒலிக்கும் பாடல், பாரதியாருடையது. ஆனால் அண்மையில் வந்த ஒரு திரைப்படத்தின் பதிவிலிருந்து வெட்டியது. எங்கள் கையால் செய்தது பாதிக்கும் குறைவு.

கணினி விளையாட்டு செய்யும் ஆர்வம் நம் மாணவரிடையே பெருகி வருகிறது. ஆயின் செய்ததைப் பிறர்க்கு வழங்கும் முறையைப் பற்றிய அறிவு அந்த அளவுக்குப் பெருகவில்லை. நாங்கள் இரண்டு மாதம் சட்டத்தையும் உரிம வாசகங்களையும் படித்துத் தட்டுத்தடுமாறிக் கற்றவற்றுள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் யாருக்கும் உரியதன்று

முதலில் எழுந்த ஐயம் இது: ஆடுபுலி ஆட்டத்தைக் கணினியில் ஆக்க யாரிடம் இசைவு கேட்பது? யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமை கருத்துக்கு இல்லை. கருத்து வெளியிடப்பட்ட வடிவத்துக்கே உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் என்னும் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978 இல் இதைத் தெளிவாக வகுத்துரைத்தது. ஒரு நாடகத்தின் கருவைத் திரைப்படம் ஒன்று எடுத்தாண்டது என்பது அவ்வழக்கு. கரு ஒன்றாயினும் சொன்ன விதம் வேறு என்று நாடகாசிரியர் தோற்றார். ஆடுபுலியோ, பல்லாங்குழியோ, தாயமோ, அவற்றின் விதி ஊர்ச் சொத்து.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி பொதுவாக இருந்தாலும் தோற்றம் பொதுவன்று. அமெரிக்காவில் 2012 இல் டெட்ரிஸ் நிறுவனத்தார் ஒரு கைப்பேசி விளையாட்டின் மீது வழக்குத் தொடுத்தனர். துண்டுகள் விழுவதும் வரிசை நிரம்பினால் மறைவதும் விதி. அதை எவரும் பயன்படுத்தலாம். ஆயின் துண்டுகளின் வடிவம், பலகையின் அளவு, அடுத்த துண்டைக் காட்டும் முறை என்று ஒவ்வொன்றும் அப்படியே இருந்ததால் தீர்ப்பு டெட்ரிஸ் பக்கம் ஆயிற்று. புகழ் பெற்ற விளையாட்டொன்றைப் பார்த்துத் தாமும் செய்ய விரும்பும் நண்பர்கள் விதியை எடுத்துக்கொண்டு உருவத்தைத் தாமே படைத்துக்கொள்வது நலம்.

எழுதாத உரிமம்

அண்ணன் கொடுத்த நிரலுக்கு வருவோம். நாங்கள் நினைத்திருந்தது இதுதான்: அவர் தம் கையால் கொடுத்தார், காசு கேட்கவில்லை, அதில் எந்த உரிமைக் குறிப்பும் இல்லை; ஆகவே அது பொது. நேர்மாறான முடிவுதான் சரி. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகக் கணினி நிரல் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கவிதைக்கும் கதைக்கும் உள்ள பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு. பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். ஆசிரியர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் அது நிலைக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டால் எல்லா உரிமையும் ஆசிரியரிடமே தங்கிவிடுகிறது. அண்ணனுக்கு இப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அவர் நீடூழி வாழ வேண்டும் என்பதே எம் விருப்பம். அப்படி வாழ்ந்தால் அந்த இருநூறு வரி நிரல் அடுத்த நூற்றாண்டிலும் அவருக்கே உரியது.

மேலும், அச்சட்டத்தின் 30 ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாய்ச்சொல்லாக "எடுத்துக்கோ தம்பி" என்றது எங்கள் பாடத்துக்குப் போதியதாக இருக்கலாம். ஊரெல்லாம் வழங்குவதற்கு அதை நம்ப முடியாது. அவரைத் தேடினோம். பழைய கைப்பேசி எண் வேலை செய்யவில்லை. சென்னையில் இருப்பதாக ஒருவரும் பெங்களூரில் இருப்பதாக இன்னொருவரும் சொன்னார்கள்.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுந்தது. நாங்கள் எழுதிய பகுதி எங்களுக்கா, கல்லூரிக்கா? 17 ஆம் பிரிவின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வேலையின் பகுதியாகச் செய்தால்தான் அது அமர்த்தியவருக்குச் சேரும். மாணவர் ஊழியர் அல்லர். நால்வர் செய்தால் நால்வருக்கும் அவரவர் பங்கில் உரிமை உண்டு. இது மகிழ்ச்சியான செய்திபோல் தோன்றும். ஆனால் நால்வரில் ஒருவர் நாளை மனம் மாறினாலோ தொலைந்து போனாலோ மற்ற மூவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான், முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால்.

எழுதி வைத்தவர்களின் கதை ஒன்றையும் படித்தோம். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கணினி பயின்ற மாணவர் மூவர் 1995 நவம்பரில் ஒரு விளையாட்டைத் தொடங்கி, 1996 ஜனவரியில் ஃபிரீசிவ் என்னும் பெயரில் வெளியிட்டனர். உரிமமாக ஜி.பி.எல். என்பதை வைத்தனர். சில மாதங்களில் அவர்களுக்கு அதில் ஆர்வம் குறைந்து வேறு வேலைக்குப் போய்விட்டனர். அவர்களை யாரும் தேடி அலையவில்லை. வேறு நாட்டினர் எடுத்துத் தொடர்ந்தனர். இன்றும் அது வளர்கிறது. எங்கள் அண்ணனும் அதே வயதில் அதே போன்ற ஒன்றைத்தான் செய்தார். ஒரு கோப்பில் நான்கு வரி எழுதாததுதான் வேறுபாடு.

அந்தப் பகுதியை நான் மறுபடி எழுதினேன். பார்த்து எழுதினால் அது நகல் என்பதால், பழைய நிரலைப் பார்த்திராத நான்காவது தோழர் விதிகளை மட்டும் தாளில் வரைந்து கொடுக்க, அதை வைத்துக்கொண்டு வேறு முறையில் எழுதினேன். பொங்கல் விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. புதிய புலி பழைய புலியைவிட மந்தமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நிரலுக்கு உரிமம்

இனி, உரிம வகைகளைப் பற்றிச் சிறிது காண்போம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் பயனாக 1989 இல் ஜி.பி.எல். உரிமத்தின் முதற்பதிப்பு வந்தது. 1991 இல் இரண்டாம் பதிப்பும், 2007 இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. இவ்வுரிமம் புதிதன்று; 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதன் கருவான லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்தது. நம் வீட்டு அக்காள் அண்ணன்மார் அதைத் திறந்து பார்த்தார்களோ இல்லையோ, உரிமம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜி.பி.எல். என்ன சொல்கிறது? பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறர்க்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமத்தோடு கொடுக்க வேண்டும். நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பெரம்பலூரில் இன்று மக்காச்சோளம் விதைப்போர் ஒவ்வொரு பருவத்துக்கும் வீரிய ஒட்டு விதையைக் கடையில் வாங்குகிறார்கள். விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் அதே விளைச்சல் வராது. மூலநிரல் இல்லாத மென்பொருள் இத்தகையது. முன்பு வரகு விதைத்தவர் விளைச்சலிலேயே விதை எடுத்து வைத்தார்; அடுத்த வீட்டாருக்கும் கொடுத்தார். விதை வாங்கியவர் அடுத்தவருக்கும் விதை தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் அது ஜி.பி.எல். ஆகிவிடும்.

எம்.ஐ.டி. உரிமம் அந்த நிபந்தனையும் போடாது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைத்தால் போதும். மூலநிரலை மூடிக்கொள்ளவும் செய்யலாம். விளையாட்டு செய்வோர் பலரும் விரும்பும் கோடோ என்னும் பொறி 2014 இல் இவ்வுரிமத்தில்தான் வெளியிடப்பட்டது. அதைக் கொண்டு செய்த விளையாட்டு முழுவதும் செய்தவருக்கே உரியது. கோடோவின் உரிமக் குறிப்பை விளையாட்டுக்குள் எங்கேனும் காட்டிவிட வேண்டும். இந்தச் சிறு கடமையைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். ஓப்பன் தமிழுக்கும் எம்.ஐ.டி. உரிமமே. "கு" என்பதைக் கணினி இரண்டு குறிகளாக எண்ணும். மனிதர் ஓரெழுத்தாக எண்ணுவர். அந்த வேறுபாட்டை எங்களுக்குத் தீர்த்து வைத்த நிரலகத்துக்கு நாங்கள் செய்ய வேண்டிய கைம்மாறு ஒரு பக்கக் குறிப்பு மட்டுமே. அத்திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலை, எழில் என்னும் தமிழ் நிரல்மொழியையும் படைத்தார். அதற்கு அவர் தேர்ந்தது ஜி.பி.எல். ஒருவரே இரண்டு படைப்புக்கு இரண்டு உரிமம் வைக்கிறார் என்பதைக் கவனிக்க. நிரலகம் பலருடைய நிரலுக்குள்ளும் புக வேண்டியது; மொழிச்செயலி தனியே நிற்பது. பைகேம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்.ஜி.பி.எல். உரிமத்தது: அதைத் திருத்தினால் திருத்தத்தைத் தர வேண்டும், அதைப் பயன்படுத்தும் விளையாட்டு எந்த உரிமத்திலும் இருக்கலாம்.

நாங்கள் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தோம். காரணங்களுள் ஒன்று இந்தியச் சட்டம் சார்ந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கே என்று கொள்ளச் சொல்கிறது. 30-அ பிரிவு அவ்விதியை உரிமங்களுக்கும் நீட்டுகிறது. எம்.ஐ.டி. உரிமமும் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பும் காலத்தைச் சொல்வதில்லை. மூன்றாம் பதிப்போ, பதிப்புரிமை உள்ளவரை என்று வெளிப்படையாகக் கூறுகிறது. நாங்கள் பட்டம் பெற்றுப் போன ஆறாம் ஆண்டில் ஒரு தம்பியோ தங்கையோ எங்கள் நிரலை எடுத்தால் ஐயமில்லாமல் எடுக்க வேண்டும் என்பதே எண்ணம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 2005 இல் நெக்சூயிஸ் என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது, பலர் கூலியின்றி உழைத்து வளர்த்தனர். 2010 இல் அதன் பெயர் ஒரு வணிக விளையாட்டுக்கு வழங்கப்பட்டது. உழைத்தவர் பலர் தங்களைக் கேட்கவில்லை என்று மனம் நொந்து விலகினர். நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு போய், சோனோடிக் என்று வேறு பெயரில் தொடர்ந்தனர். நிரல் அவர்களுக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. திறமூல உரிமம் காப்பது எது, காக்காதது எது என்று ஒரே நிகழ்ச்சியில் தெரிந்தது.

படம், எழுத்து, பாட்டு

விளையாட்டு என்பது நிரல் மட்டுமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஜான் கார்மாக் முதலியோர் தங்கள் டூம் விளையாட்டின் மூலநிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டனர். முதலில் வணிகத்துக்கு ஆகாது என்ற நிபந்தனையோடும், 1999 இல் ஜி.பி.எல். உரிமத்திலும். ஆயின் அதன் படங்களும் ஒலிகளும் நிலைகளும் வெளியிடப்படவில்லை. நிரல் இருந்தது, காட்ட ஒன்றும் இல்லை. அதற்காகவே ஃபிரீடூம் என்னும் திட்டம் தோன்றி, அரக்கர் முதல் கதவு வரை அத்தனையையும் புதிதாக வரைந்து சேர்த்தது. விளையாட்டுத் துறையில் இது மிக இன்றியமையாத பாடம். நிரலின் உரிமம் படத்துக்குத் தானாகப் போய்ச் சேராது.

எழுத்துருவை மாற்றுவது எளிதாக முடிந்தது. லதா மைக்ரோசாப்டினுடையது, விண்டோசில் பயன்படுத்தலாம், எங்கள் கோப்புறையில் வைத்து வழங்க முடியாது. லோகித், நோட்டோ, மீரா இனிமை ஆகிய தமிழ் எழுத்துருக்கள் ஓ.எஃப்.எல். என்னும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. மென்பொருளோடு சேர்த்து வழங்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. நாங்கள் மீரா இனிமையை எடுத்தோம். கோட்டைப் படமும் தொல்லை தரவில்லை. கோட்டை பழையது, ஆனால் படம் எடுத்தவர் இன்று வாழ்பவர். அவர் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் "பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க" என்னும் வகையைத் தந்திருந்தார். அவர் பெயர், படத்தின் தலைப்பு, உரிமத்தின் பெயர், நாங்கள் படத்தை வெட்டி இருட்டாக்கினோம் என்ற செய்தி ஆகிய நான்கையும் எழுதினோம். நான்காவதைப் பலர் எழுதுவதில்லை.

பாடல்தான் எங்களைத் திகைக்க வைத்தது. பாரதியார் பாடல் நாட்டுடைமை அன்றோ? ஆம். அவருடைய படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949 இல் பெற்றது. 1955 இல் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. உரிமம் என்ற சொல்லையே கேட்டறியாத ஊர்களில்கூட நாட்டுடைமை என்ற சொல் தெரியும். அதற்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. நூலாக அச்சிடும் உரிமை ஒருபுறம் இருக்க, பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை தனியே கைமாறி, கடைசியில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. ஒரே பாட்டு; தாளில் ஒருவருக்கும் தட்டில் இன்னொருவருக்கும் உரியதாயிருந்தது.

அந்தப் பிரிவினை இன்றும் உண்டு. பாட்டின் சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. நாட்டுடைமையானது சொல் மட்டுமே. மெட்டமைத்தவருக்கு வாழ்நாளும் 60 ஆண்டும், ஒலிப்பதிவு செய்தவருக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டும் தனித்தனி உரிமை இருக்கிறது. நாங்கள் வெட்டிச் சேர்த்த இருபது வினாடியில் எங்களுக்கு உரிமையுள்ளது பாரதியின் சொற்கள் மட்டும். அவற்றைப் பதிவிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே அதை நீக்கினோம். பெரம்பலூர்த் தோழரின் தம்பி நன்றாகப் பாடுவான். அதே சொற்களுக்குத் தானே ஒரு மெட்டுக் கட்டி, வீட்டு மாடியில் கைப்பேசியில் பதிந்து கொடுத்தான். பின்னணியில் ஒரு காக்கை கத்துகிறது, அதுவும் எங்களுடையதே. தம்பிக்கு வயது பதினாறு. பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது என்பது 1903 ஆம் ஆண்டு முதல் உறுதியான சட்டம். எனவே உரிமச் சீட்டில் அவர்தம் தந்தையாரும் கையொப்பமிட்டார். என்ன ஏது என்று கேட்காமல் கையொப்பமிட வந்தவரை நிறுத்தி, பையன் தமிழில் முழுவதும் படித்துக் காட்டினான்.

புலி யாருக்கு

இணையத்தில் எடுத்த ஆட்டுப் படத்தின் மூலத்தைத் தேடிப் பார்த்தபோது, அதற்கு "வணிக நோக்கமின்றி" என்னும் நிபந்தனை இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்றேன். "நம்முடையதும் காசுக்கு விற்பதில்லையே, பிறகு ஏன் எடுக்க வேண்டும்? சொல்லப்போனால் என் படங்களுக்கும் அதே நிபந்தனைதான் வேண்டும்" என்றார் தோழி. எங்கள் குழுவில் நடந்த ஒரே உண்மையான சண்டை இதுதான். மூன்று நாள் நீடித்தது.

என் வாதத்தைக் கூறுகிறேன். வணிகம் என்பதற்கு எல்லை எது? பேருந்து நிலையத்து நகலெடுக்கும் கடைக்காரர் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பென் டிரைவில் ஏற்றித் தந்தால் அது வணிகம். ஊர்த் திருவிழாவில் பத்து ரூபாய்க்கு ஆட விட்டால் வணிகம். கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையம் பாடமாக வைத்தால் வணிகம். இவர்களெல்லாரும் குற்றவாளிகள் ஆவார்கள். 1997 இல் டெபியன் அமைப்பு வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகள், எந்தத் துறையிலும் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமத்தை ஏற்பதில்லை. நம் விளையாட்டு அதன் முதன்மைத் தொகுப்பில் நுழையவே முடியாது.

தோழியின் வாதம் சுருக்கமானது. "நம் ஊரைச் சுற்றிலும் சிமெண்டு ஆலைகள். நாளைக்கு எவரோ ஒரு மூட்டையின்மேல் என் புலியை அச்சடித்தால் நான் என்ன செய்வது?" அதே உரிமத்தில் பகிர்க என்னும் நிபந்தனை இருந்தால் மூட்டையில் அவர் பெயரையும் உரிமத்தையும் அச்சிட வேண்டும், அந்தச் சித்திரத்தை எவரும் எடுத்தாளலாம் என்றும் ஆகிவிடும், எந்த நிறுவனமும் அதற்கு இசையாது என்றேன். "இசைந்து, என் பெயரையும் போட்டு அச்சடித்தால்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. நிரல் எழுதுகிறவனுக்கு அவனுடைய வரிகள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் முகம் தெரிவதில்லை, வரைகிறவருக்கு அப்படியன்று. அந்தப் புலியை அவர் ஆறு முறை அழித்து வரைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முடிவு அவரே சொன்னார். பலகையும் ஆடுகளும் "பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க" நான்காம் பதிப்பில் போகட்டும்; அவ்வுரிமத்தின் படங்களை ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் விளையாட்டோடு கலக்க 2015 முதல் இசைவு உண்டு. வெட்டுப்பட்ட ஆட்டையும் தாமே வரைந்துவிட்டார். புலி மட்டும் அவருடையது, வெளியில் போகாது. பொது வெளியீட்டுக்கென்று பத்தே நிமிடத்தில் கோட்டோவியமாக வேறொரு புலி போட்டுக் கொடுத்தார். அது என்னவோ மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு உரிமம் இருந்தது.

கடைசியாக எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தோம். நிரல் கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் ஆண்டு, பெயர், உரிமம் என்று இரண்டு வரி. கோப்புறையின் வாயிலில் ஜி.பி.எல். முழு வாசகம் ஒரு கோப்பில். படங்கள், ஒலி, எழுத்துரு ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல்: எது, யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த உரிமம், என்ன மாற்றம். எங்கள் நால்வரின் இசைவும் தனித்தாளில் கையொப்பத்தோடு. பேராசிரியர் பட்டியலை ஒருமுறை விரல் வைத்துப் படித்தார். "சரி, இதைக் காசுக்கு விற்றால்?" என்று கேட்டார். விற்கலாம் ஐயா, மூலநிரலும் சேர்த்துக் கொடுத்தால் என்றோம். சிரித்துக்கொண்டே ஆய்வகச் சாவியைக் கொடுத்தார்.

மாசி மாதத்தில் அந்த அண்ணனிடமிருந்து பதில் வந்தது. யாரோ சொல்லி எங்கள் எண்ணைப் பெற்றிருக்கிறார். நிரலைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி. உரிமத்தின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடியுமா அண்ணே என்று கேட்டோம். இதற்குப் போய் இவ்வளவா என்று அவர் வியந்தாலும் அனுப்பினார். அதற்குள் புதிய நிரல் ஏறிவிட்டது. ஆனாலும் அடுத்த வெளியீட்டில் அவருடைய பகுதியைத் தனிக் கோப்பாக, அவர் பெயரோடு சேர்ப்பதாக இருக்கிறோம். ஆடுபவர் மந்தப் புலி, கூர்ம்புலி என்று தேர்ந்துகொள்ளலாம்.

ஆய்வகத்தில் இப்போது ஓடுவது கோட்டோவியப் புலி. முதலாண்டு மாணவர்கள் அதைப் பூனை என்றே அழைக்கின்றனர். தோழிக்கு அதில் வருத்தமில்லை. மூலப்படம் அதே கோப்புறையில் இருக்கிறது. பிடிக்காதவர் திருத்தி வரையலாம், திருத்தியவர் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.